லாக்டவுனில் நாம் செய்தது ‘உதவி’... அதனால்தான் அது நீடிக்கவில்லை!

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5 மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லோரும் பால்கனிக்கு வந்து கை தட்டினோம். சிலர் தட்டில் கரண்டியால் தட்டினார்கள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு ஓடியது நான்தான். தட்டி முடித்ததும் அதை சிங்க்கில் போட்டுவிட்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தேன். அந்தத் தட்டை யார் கழுவியது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தது. பிறகு அது மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சென்னைப் புறநகரில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால் உள்ள வாடகை வீடு எங்களுடையது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு அப்போது 6 வயது. பேத்தியைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பலாம் என்று திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் எங்களோடு மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பியது செப்டம்பரில், மாவட்டங்களுக்கு இடையே ரயிலும் பஸ்ஸும் ஓடத் தொடங்கிய பிறகுதான்.

ஊரடங்கை நினைத்தால் டல்கோனா காபி, தூர்தர்ஷனில் மறுபடி ஒளிபரப்பான ராமாயணம், ஹாலில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடிய தாயம், மொட்டை மாடியில் பட்டம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அதெல்லாம் இனிக்கிற நினைவுகள்தான். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. அந்த நாள்களில் வீட்டுக்குள் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தோம். பார்த்தும் விட்டுவிட்டோம். அதைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. தினக்கூலிக் குடும்பங்களுக்கு அது அடுப்பு எரியாத நாள்கள். வெளி மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கே நடந்தார்கள். அடிக்கிற கணவனோடு பூட்டிக்கிடந்த பெண்களும் இருந்தார்கள். புகார்கள் கூடியதால் 2020 ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் தனியாக ஒரு வாட்ஸ்அப் எண்ணே கொடுக்க வேண்டியிருந்தது. சம்பளம் நிற்காத, கை நீட்டாத எங்கள் வீட்டுக் கதை அவற்றின் முன்னால் மிகச் சின்னது. ஆனால் நம்மில் பலருடைய வீடு இந்தச் சின்னக் கதைக்குள்தான் இருக்கிறது.

திடீரென்று வேலை எங்கிருந்து வந்தது?

ஊரடங்கின் முதல் வாரத்தில் எல்லோரும் ஒரே மாதிரி புலம்பினோம். ‘வீட்லதான இருக்கோம், ஆனா வேலை மட்டும் முடியவே மாட்டேங்குதே!’ இதற்குக் காரணம் எளிது.

சாதாரண நாளில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுவேலையில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியேதான் நடக்கிறது. மதியச் சாப்பாடு எனக்கு அலுவலக கேன்டீனில். டீ தெருமுனைக் கடையில். மகளை 6 மணி நேரம் பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடம். இஸ்திரி தள்ளுவண்டிக்கார அண்ணன். பாத்திரம் தேய்க்கவும் வீடு பெருக்கவும் ஓர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு ஹோட்டல்.

மார்ச் 24-க்குப் பிறகு இவை அத்தனையும் ஒரே நாளில் வீட்டுக்குத் திரும்பி வந்தன. 5 பேருக்கு 3 வேளைச் சமையல், 2 வேளை காபி, இடையில் குழந்தைக்குத் தீனி. ஒருநாள் வெறுமனே எண்ணிப் பார்த்தேன், டம்ளர் மட்டும் 31. இது போதாதென்று பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவுவது, காய்கறியை உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறப்போடுவது, கடைக்குப் போய்வந்தவரின் துணியைத் தனியாக அலசுவது என்று கொரோனாவே கொண்டுவந்த புது வேலைகள் வேறு.

வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. அதை யார் வாங்கிக்கொண்டார்கள்?

எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி அது தானாகவே அம்மாவிடமும் மனைவியிடமும் போய்ச் சேர்ந்தது. நானும் சும்மா இருக்கவில்லைதான். இரண்டாவது வாரத்திலிருந்து இரவுப் பாத்திரம் என் கணக்கு. வாரம் இரண்டு நாள் வீடு துடைத்தேன். ‘லாக்டவுன் ஸ்பெஷல்’ என்று நான் போட்ட கோதுமைப் பரோட்டாவின் படத்துக்கு ஃபேஸ்புக்கில் வந்த லைக்குகளை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த மாவைப் பிசைந்தது அம்மா.

அம்மாவுக்கு நான் சிங்க் முன்னால் நிற்பதே பிடிக்காது. ‘எய்யா, நீ போயி ஆபீஸ் வேலையப் பாரு. நான் கழுவிக்கிடுதேன்’ என்று கையிலிருந்து ஸ்க்ரப்பரை வாங்கிவிடுவார். மருமகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங் கேட்டபடியே தோசை வார்ப்பது மட்டும் அவர் கண்ணில் படாது. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

மூன்று நாள், 64 மெசேஜ்

ஜூன் மூன்றாவது வாரம். சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் தளர்வுகளைத் திரும்பப் பெற்று மறுபடி முழு ஊரடங்கு போட்டிருந்த நேரம். மனைவிக்குக் காய்ச்சல், தொண்டை வலி. ஸ்வாப் எடுத்தார்கள். முடிவு வர 3 நாள் ஆனது. வீட்டில் இருந்த ஒரே படுக்கையறைக்குள் அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வோம். மகள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ‘அம்மா, நீ எப்ப வருவே?’ என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு ‘எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்’ என்று பெரிய தைரியத்தில் இறங்கினேன். முதல் நாள் காலை 6 மணிக்கே போன் அதிர ஆரம்பித்தது. உள்ளேயிருந்து அவள் அனுப்பிய மெசேஜ்கள் இப்படி இருந்தன:

‘மாமாவோட சுகர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி. பிரஷர் மாத்திரை அப்புறம். ரெண்டும் ஒரே கலர், மாத்திடாதீங்க.’

‘பாப்பாவுக்கு இன்னிக்கு ஆன்லைன் கிளாஸ்ல செடி வரையணும். பச்சை கிரேயான் சோபாவுக்கு அடியில இருக்கும்.’

‘கேஸ் புக் பண்ணி 20 நாள் ஆச்சு. இன்னிக்கு பண்ணாதான் கரெக்டா வரும்.’

‘அத்தைக்கு முட்டி வலி. சொல்ல மாட்டாங்க. கீழ உக்காந்து காய் நறுக்க விடாதீங்க.’

‘அரிசி ஊறப் போட்டீங்களா? இன்னிக்குப் போடலைன்னா நாளைக்கு இட்லி கிடையாது.’

3 நாளில் 64 மெசேஜ். நடுவே ஒருமுறை எரிச்சலில், ‘இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கக் கூடாதா?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘எழுதி வைக்க நேரம் எங்க?’

சமைப்பதும் கழுவுவதும் கஷ்டம்தான். ஆனால் செய்து முடித்துவிடலாம். இந்த 64 விஷயங்களையும் எப்போதும் மண்டைக்குள் ஓடவிட்டுக்கொண்டே அலுவலக வேலையையும் பார்ப்பது வேறு வகை வேலை. போனில் நாம் மூடாமல் விட்ட ஆப்கள் பின்னால் ஓடி பேட்டரியைத் தின்னுமே, அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் ஆனால் சார்ஜ் இருக்காது.

ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்தது. கதவைத் திறந்து வந்தவளை மகள் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. மறுநாள் திங்கட்கிழமை. நான் லேப்டாப்பைத் திறந்தேன். அவள் அரிசியை ஊறப் போட்டாள்.

அந்த வாரமே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

எண்கள் என்ன சொல்கின்றன?

‘எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லை’ என்று நம்மில் பலருக்குத் தோன்றும். அதனால் வீட்டை விட்டு வெளியே வந்து எண்களைப் பார்ப்போம்.

நாம் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்று மத்திய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. கொரோனாவுக்குச் சரியாக முந்தைய ஆண்டு. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவழிப்பது 97 நிமிடம்.

97 நிமிடம் பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? ‘ஈடுபடும் ஆண்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 100 பெண்களில் 81 பேர் வீட்டுவேலை செய்தார்கள். 100 ஆண்களில் செய்தவர்கள் 26 பேர் மட்டுமே. செய்யாதவர்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பெண்ணுக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், ஆணுக்கு 25 நிமிடம். ஒரு சீரியல் எபிசோடு அளவு.

சரி, லாக்டவுனில் என்ன ஆனது? பொருளாதாரப் பேராசிரியர் அஸ்வினி தேஷ்பாண்டே இதை ஆராய்ந்திருக்கிறார். 2020 ஏப்ரலில், ஊரடங்கின் முதல் மாதத்தில், ஆண்கள் வீட்டுவேலைக்குச் செலவழித்த நேரம் உண்மையிலேயே கூடியது. ஆகஸ்ட் வந்தபோது அது மறுபடி குறைந்துவிட்டது. பழைய நிலைக்கு முழுசாக இறங்கவில்லை, அவ்வளவுதான். என் வீட்டுக் கதையும் இதே காலண்டர்தான்.

அடுத்த நேரக் கணக்கெடுப்பு 2024-இல் நடந்தது. கொரோனா, மூன்று அலை, வொர்க் ஃப்ரம் ஹோம், டல்கோனா எல்லாம் கடந்து வந்த பிறகு எடுத்தது. வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்ணின் நேரம் 289 நிமிடமாக, 10 நிமிடம் குறைந்திருந்தது. ஆணின் நேரம் ஏறியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 97-லிருந்து 88-ஆக அதுவும் குறைந்திருந்தது.

மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்து பார்த்தும், இடைவெளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

‘உதவி’ என்ற வார்த்தையில் என்ன சிக்கல்?

ஏன் நீடிக்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஆண்களுக்கு மனசில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு மனசு இருந்தது. ஆனாலும் நின்றுபோனது.

பதில் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. அது அப்பாவின் காபி.

அப்பாவுக்கு அப்போது 64 வயது. அதுவரை வெந்நீர் கூட வைத்ததில்லை. ஊரடங்கில் தூக்கம் வராமல் 5 மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள், ‘காபிய இனிமே நான் போடுதேன், ஒருத்தரும் எந்திரிக்க வேண்டாம்’ என்றார். முதல் வாரம் டிகாக்‌ஷன் தண்ணி மாதிரி இருந்தது. அம்மா ஏதோ சொல்லப்போனபோது, ‘நீ உள்ள வராத’ என்று நிறுத்திவிட்டார். பால் எத்தனை பாக்கெட் வேண்டும் என்று முதல் நாளே பார்ப்பது, தூள் தீர்வதற்கு முன்னால் வாங்கச் சொல்வது, ஃபில்டரைக் கழுவிக் காயவைப்பது எல்லாம் அவரே. இன்றைக்கும் திருநெல்வேலி வீட்டில் காலைக் காபி அப்பா கையில்தான். அம்மா 6 மணி வரை தூங்குகிறார். கல்யாணமாகி 40 வருஷத்துக்குப் பிறகு!

நான் செய்தவை நின்றுபோயின. அப்பா செய்தது நின்றது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நான் செய்தது உதவி. ‘ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?’ என்று கேட்பேன். அதற்கு என்ன அர்த்தம்? வேலை உன்னுடையது, எனக்கு நேரமிருந்தால் ஒரு கை கொடுக்கிறேன். எதைச் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், எது எங்கே இருக்கிறது என்று நீயே யோசித்து எனக்குச் சொல். அதாவது, என்னை வேலை வாங்குகிற வேலையும் உனக்கே. எனக்கு மீட்டிங் வந்தால் உதவி நிற்கும். அலுவலகம் திறந்தால் மொத்தமாக நிற்கும். யாரும் என்னைக் கேட்க முடியாது. உதவிதானே?

அப்பா செய்தது பொறுப்பு. அந்த ஒரு வேலையை, அதை நினைவில் வைத்திருப்பது உட்பட, அம்மாவின் தலையிலிருந்து முழுசாகத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார். அம்மா இனி காபியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஹாலில் மூன்று நாள் முழு வீட்டையும் தூக்கிச் சுமந்ததாக நான் நினைத்துக்கொண்டது கூட உதவிதான். மண்டை உள்ளே, அறைக்குள் இருந்தது. நான் வெறும் கை.

ஒரு மேஜையின் விலை

‘சரிப்பா, ரெண்டு டம்ளர் கூடக் கழுவினா தீர்ந்துபோச்சு. இதுல என்ன பெரிய விஷயம்?’ என்று கேட்பவர்களுக்காக, இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மேஜை ஒன்றுதான் இருந்தது. அது படுக்கையறையில் இருந்தது. ஊரடங்கு தொடங்கிய முதல் நாள் என் லேப்டாப் அதன் மேல் போய் உட்கார்ந்தது. என்னுடையது ‘கிளையன்ட் கால்’ உள்ள வேலை, சத்தம் இருக்கக் கூடாது என்பது காரணம். அவளுடையதும் அதே மாதிரி வேலைதான். அவள் ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு, ஒரு பக்கம் மகளின் ஆன்லைன் வகுப்பு, இன்னொரு பக்கம் டி.வி., குக்கர் விசில் நடுவே உட்கார்ந்தாள். மீட்டிங்கில் மைக்கை ஆன் பண்ணும்போதெல்லாம் ‘சாரி, பேக்ரவுண்ட் நாய்ஸ்’ என்று ஆரம்பிப்பாள். காய்ச்சலில் அந்த அறையில் கழித்த 3 நாள்தான் அவள் அந்த மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாள்கள்.

ஆகஸ்டில் அவள் வேலையை விட்டாள். ‘பள்ளிக்கூடம் எப்ப திறக்கும்னே தெரியல, பாப்பாவைப் பாத்துக்க ஆள் வேணும்’ என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். அப்படித்தான் உறவினர்களிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், அந்த முடிவில் என் வேலை என்ற பேச்சே எழவில்லை. மேஜையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நிலையில் அவளை வைத்திருந்ததே தப்பு என்று இப்போது புரிகிறது.

அவள் திரும்ப வேலைக்குச் சேர 3 ஆண்டு ஆனது. விட்ட இடத்துக்குக் கீழே, விட்ட சம்பளத்துக்குக் குறைவாக. நேர்காணலில் ‘கரியர் கேப் ஏன்?’ என்று கேட்டார்களாம். அந்த இடைவெளியில் அவள் சும்மா இருந்ததாகத்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம்.

இரண்டு டம்ளரின் கணக்கு இப்படித்தான் பெரிதாகிறது.

அக்காவின் கணக்கு

வீட்டுவேலையைப் பற்றிப் பேசிவிட்டு, அதைச் சம்பளத்துக்குச் செய்கிறவரை விட்டுவிட்டால் அது பாதி உண்மை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவுக்கு மார்ச், ஏப்ரல் முழுச் சம்பளம் கொடுத்தோம். மே மாதம் பாதி. ஜூனில், ‘வேலைக்கு வந்ததும் பாத்துக்கலாம்க்கா’ என்று போனில் சொன்னேன். என் அலுவலகமும்தான் மூடிக்கிடந்தது. ஆனால் என் சம்பளம் ஒரு மாதமும் நிற்கவில்லை. அக்காவால் பாத்திரத்தை வீட்டிலிருந்தே தேய்க்க முடியாது என்பதுதான் ஒரே வித்தியாசம்.

அவர் வராத மாதங்களில்தான் அவர் வேலை எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்த அதே மாதங்களில்தான் சம்பளத்தையும் நிறுத்தினோம். செப்டம்பரில் அவர் திரும்பி வந்தபோது நிலுவையைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, ‘பரவால்ல தம்பி, நீங்களாச்சும் குடுத்தீங்க’ என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சட்டமும் அரசும் எங்கே நிற்கின்றன?

வீடு மாறாத இந்த ஆண்டுகளில் வெளியே சில விஷயங்கள் மாறியிருக்கின்றன.

2021 ஜனவரியில் ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு போட்டுத்தான் இழப்பீட்டைக் கணக்கிட வேண்டும் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதில் நீதிபதி என்.வி.ரமணா எடுத்துக்காட்டியது மேலே பார்த்த அதே 299, 97 கணக்கைத்தான்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் கணவனால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிகிறது. எனவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 15-இல் தமிழக அரசு, தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 1 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. தொகை போதுமா, விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்ற விவாதங்கள் இருக்கட்டும். பெயரைப் பாருங்கள்: மகளிர் உரிமைத் தொகை. உதவித் தொகை அல்ல.

கோர்ட்டும் கோட்டையும் வார்த்தையை மாற்றிவிட்டன. நம் ஹாலில்தான் இன்னும் ‘ஹெல்ப்’ ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

இதற்கு அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம்மில் பலர் வாரம் இரண்டு மூன்று நாள் இன்னும் வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறோம்? எங்கள் வீட்டில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

வேலையை வெட்டிப் பிரிக்காதீர்கள், முழுசாக எடுங்கள். ‘காய் நறுக்கித் தரவா?’ வேண்டாம். ‘செவ்வாய், வியாழன் இரவுச் சாப்பாடு என்னுடையது’ என்று எடுங்கள். என்ன சமைப்பது, சாமான் இருக்கிறதா, மிச்சத்தை என்ன செய்வது என்பதும் அதில் அடக்கம். எங்கள் வீட்டில் இப்போது மளிகையும் மகளின் பள்ளிக்கூட விஷயங்களும் என்னுடையவை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அம்மாக்களுக்கு நடுவே இருக்கும் அப்பாக்கள் 4 பேர். இரவு 10 மணிக்கு ‘நாளைக்கு மஞ்சள் சார்ட் பேப்பர் கொண்டுவரணும்’ என்று மெசேஜ் வரும்போது வயிற்றில் புளி கரைப்பது இப்போது எனக்கு.

எழுதிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வீட்டில் நடக்கும் எல்லா வேலையையும் ஒரு தாளில் எழுதுங்கள். கேஸ் புக் பண்ணுவது, தடுப்பூசித் தேதி, மொய் எழுத வேண்டிய கல்யாணம் வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, செய்வது யார், ஞாபகம் வைத்திருப்பது யார் என்று இரண்டு பெயர் போடுங்கள். இரண்டாவது வரிசையைப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

முதல் வாரம் டிகாக்‌ஷன் தண்ணியாகத்தான் இருக்கும். புதிதாக எடுத்தவர் சொதப்புவார். விட்டுக் கொடுக்கிறவர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘நகரு, நானே செஞ்சுக்கறேன்’ என்று ஒருமுறை வாங்கிக்கொண்டால் அந்த வேலை மறுபடி திரும்பி வராது. சொதப்புவதையே சாக்காக வைத்துத் தப்பிக்கிறவர்களும் உண்டு. அலுவலகத்தில் எக்செல் கற்றுக்கொண்டவருக்கு அரிசி களையத் தெரியாதா என்ன?

அக்காவின் விடுப்பைக் கணக்கில் வையுங்கள். வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, காய்ச்சல் வந்தால் பிடிக்காமல் சம்பளம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய அரை நாள் கூடப் போங்கள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரடங்கில் என் மகள் ‘வீடு விளையாட்டு’ ஆடுவாள். பொம்மை அப்பா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும். பொம்மை அம்மா ஒரு கையில் லேப்டாப், ஒரு கையில் தோசைக் கரண்டி. நாங்கள் அதை வீடியோ எடுத்து, சிரித்து, ஸ்டேட்டஸ் வைத்தோம். போன மாதம் பழைய போனைத் துடைக்கும்போது அந்த வீடியோ கண்ணில் பட்டது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் மாத்திரை விவரம் எனக்குப் பார்க்காமல் சொல்ல வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மேஜை மட்டும் இப்போது இரண்டு. போன வாரம் மனைவிக்கு 2 நாள் வெளியூர் வேலை. ஊரிலிருந்து அம்மா போன் செய்து, ‘எய்யா, தனியா சமாளிச்சிருவியா?’ என்று கேட்டார். அப்போது மகளுக்கு மறுநாள் யூனிஃபார்ம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: ‘அப்பா, அரிசி ஊறப் போட்டியா?’

மறந்துவிட்டேன். மறுநாள் இட்லி இல்லை. உப்புமாதான்.

ஆனால் அந்த 2 நாளில் அவளிடமிருந்து வந்த மெசேஜ் ஒன்றே ஒன்று. ‘ரீச்டு. குட் நைட்.’